பாடவேளைக்கு 600 ரூபாவா, மாதம் 34,000 ரூபாவா?

எனக்குக் கடிதம் எழுதியவர் சாவகச்சேரிப் பக்கத்தைச் சேர்ந்த 31 வயதுச் சகோதரி. மருதனார்மடத்தில் சங்கீதம் படித்துப் பட்டம் பெற்றவர்; அரச ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருக்கிறார். கணவருக்கு மாதச் சம்பள வேலை. நான்கு வயது மகனைப் பகலில் மாமி பார்த்துக்கொள்வார். யாழ் நகரில் உள்ள தனியார் ஆங்கில மொழிமூலப் பாடசாலை ஒன்று இவரைப் பகுதி நேரச் சங்கீத ஆசிரியையாக அழைத்திருக்கிறது. வாரத்துக்கு நான்கு நாட்கள், 18 பாடவேளைகள். சம்பளத்துக்கு இரண்டு வழிகளைச் சொல்லி, விரும்பியதைத் தெரிவுசெய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று, பாடவேளைக்கு 600 ரூபா ‘கௌரவக் கொடுப்பனவு’. படிப்பித்த பாடவேளைக்கு மட்டுமே காசு; ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி கிடையாது. மற்றையது, நியமனக் கடிதத்துடன் மாதம் 34,000 ரூபா. ஆனால் அதில் 20 வீதம் சேமலாப நிதிக்காகக் கழிக்கப்படும் என்று கணக்காளர் சொல்லியிருக்கிறார். நாட்கலண்டரில் கிழித்த தாளொன்றின் பின்பக்கத்தில் 34,000, அதன் கீழ் 6,800, அதன் கீழ் 27,200 என்று பென்சிலால் எழுதி, கடைசி எண்ணை இரண்டு முறை வட்டமிட்டுக் கொடுத்திருக்கிறார். சகோதரி அந்தத் தாளின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

“முதல் வழியில் மாதம் 43,200 ரூபா. இரண்டாவதில் 27,200 தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்கிறார். எனக்குத்தான் ஏதோ இடிக்கிறது. சேமலாப நிதிக் கணக்குத் திறந்தால் அரச நியமனம் கிடைக்காது என்கிறார்கள். கணவரின் சம்பளத்தோடு சேர்த்து வரி வருமா? இவற்றையெல்லாம் கேட்கப்போனால் வேலையே இல்லை என்று சொல்லிவிடுவார்களா?” இதுதான் கடிதத்தின் சாரம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

சகோதரி, உங்களுக்கு இடித்தது சரியான இடத்தில்தான் இடித்திருக்கிறது. நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு எண்களும் பிழை. 43,200 ரூபாவை எந்த மாதத்திலும் நீங்கள் ஒழுங்காகக் காணப்போவதில்லை. 27,200 ரூபாவை அந்தப் பாடசாலை சட்டப்படி உங்களுக்குக் கொடுக்கவும் முடியாது. அதைவிடக் கூடத்தான் கொடுக்க வேண்டும்.

43,200 எப்படிக் கரைகிறது

வாரம் 18 பாடவேளை, தலா 600 ரூபா, நான்கு வாரம் என்று பெருக்கியிருக்கிறீர்கள். பெருக்கலில் குறையில்லை. ஆனால் பாடசாலை என்பது வருடத்தில் பன்னிரண்டு மாதமும் மணியடிக்கும் இடமல்ல. நீங்கள் அனுப்பிய பாடசாலை நாட்காட்டியை எண்ணிப் பார்த்தேன். மூன்று தவணைகளும் சேர்ந்து 36 வாரங்கள். ஒவ்வொரு தவணையிலும் ஒரு வாரம் பரீட்சை; அந்த வாரத்தில் பாடம் இல்லை. மிச்சம் 33 வாரம். 18ஆல் பெருக்கினால் 594 பாடவேளை. போயா, தைப்பொங்கல், சிவராத்திரி, பரிசளிப்பு விழா என்று உங்கள் வேலை நாட்களில் விழுபவை எட்டு நாட்களாவது வரும். நாளுக்கு நாலரைப் பாடவேளை வீதம் 36ஐக் கழித்தால் மிஞ்சுவது 558.

558ஐ 600ஆல் பெருக்குங்கள்: வருடத்துக்கு 334,800 ரூபா. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 27,900. ஓகஸ்டிலும் டிசம்பரிலும் கைக்கு ஏறக்குறைய ஒன்றும் வராது என்பதையும் மறக்க வேண்டாம். பால்மாவும் மின்சாரக் கட்டணமும் தவணை விடுமுறை பார்ப்பதில்லை.

நான் கழிக்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வரும். அணிநடைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை எந்தப் பாடவேளையில் இறக்குவார்கள்? கணிதத்திலா? சங்கீதம், சித்திரம், நடனம் மூன்றும்தான் முதலில் பலியாகும். மைதானத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கொடி பிடித்து நடக்கும் பிள்ளைகளை ஆசிரியர் அறையின் யன்னலால் பார்த்துக்கொண்டு, சுருதிப் பெட்டியுடன் நீங்கள் சும்மா இருப்பீர்கள். பாடவேளைக்குச் சம்பளம் என்றால் அந்த இருப்புக்குச் சம்பளம் இல்லை. இந்த வழியைத்தான் தெரிவுசெய்வீர்கள் என்றால், “நேரசூசியில் உள்ள பாடவேளையைப் பாடசாலை தானாக நிறுத்தினாலும் கொடுப்பனவு உண்டு” என்ற ஒரு வரியையாவது எழுத்தில் வாங்குங்கள்.

அந்த 20 வீதம்

இனி கலண்டர்த் தாளுக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம். இரண்டும் சேர்ந்தால் 20 என்பது சரி. ஆனால் அந்த 20இல் உங்கள் சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடியது 8 மட்டுமே. மிச்சம் 12ஐயும் பாடசாலை தன் பணப்பெட்டியிலிருந்து போட வேண்டும். அதை ஊழியரின் சம்பளத்திலிருந்து எடுப்பதைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. கணக்காளர் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. இரண்டு வகையும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. சில இடங்களில் இது பழைய பழக்கம்; “எல்லோருக்கும் இப்படித்தான்” என்பார்கள். எல்லோருக்கும் செய்தால் எல்லோருக்கும் பிழை.

சரியான கணக்கு இது. 34,000இல் 8 வீதம் 2,720 ரூபா. சம்பளப் பற்றுச்சீட்டு 25,000 ரூபாவைத் தாண்டுவதால் முத்திரைத் தீர்வை 25 ரூபா. கையில் வருவது 31,255 ரூபா. பன்னிரண்டு மாதமும் கொடுத்தால் வருடத்துக்கு 375,060. பாடவேளை வழியைவிட 40,260 ரூபா கூட.

கணக்காளர் எழுதியபடி 20 வீதத்தைக் கழித்தால் கையில் வருவது வருடத்துக்கு 326,100 ரூபா ஆகிவிடும். அதாவது பாடவேளை வழியைவிடக் குறைவு. உங்கள் கேள்விக்கான விடையையே புரட்டிப்போடுவது அந்த 12 வீதம்தான். மாதம் 4,080 ரூபா, வருடத்துக்கு 48,960.

கையில் வராமல் உங்கள் பெயரில் சேரும் காசு வேறு. உங்கள் 2,720, பாடசாலையின் 4,080, ஆக மாதம் 6,800 ரூபா மத்திய வங்கியின் பொறுப்பில் உள்ள நிதியில் வட்டியோடு வளரும். வருடத்துக்கு 81,600. இதற்கு மேலாக, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் பாடசாலை இன்னும் 3 வீதம், அதாவது 1,020 ரூபா செலுத்த வேண்டும். அதில் ஒரு சதமும் உங்களிடமிருந்து எடுக்கக்கூடாது. சேமலாப நிதி ‘போன காசு’ என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பெண்கள் 50 வயதில் அதை எடுக்கலாம். ஓய்வூதியம் உள்ள அரச பதவியில் சேர்ந்தாலும் எடுக்கலாம். நம்பிக்கை நிதியத்தின் காசை வேலையை விட்டதும் கேட்கலாம்; ஒரு தடவை எடுத்தால் அடுத்த தடவைக்கு ஐந்து வருடம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைப் போன காசு என்றால் சீட்டுக் கட்டும் காசை என்னவென்பது?

பஸ் செலவையும் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 220 ரூபா என்று எழுதியிருந்தீர்கள். பாடவேளை வழியில் 124 நாட்கள், 27,280 ரூபா. மாதச் சம்பளம் என்றால் பரீட்சை வாரங்களிலும் போக வேண்டும்; 136 நாட்கள், 29,920 ரூபா. அதற்குப் பிறகும் மாதச் சராசரி முறையே 25,627 ரூபாவும் 28,762 ரூபாவும் நிற்கிறது. நீங்கள் கேட்ட ‘கைக்கு எது கூட’ என்பதற்கு இதுதான் விடை. மாதம் மூவாயிரத்துக்குச் சற்றுக் கூட.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. “ஓகஸ்ட், டிசம்பருக்குப் பிறகு பார்ப்போம்” என்று உப அதிபர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் ‘பார்ப்போம்’ என்ற சொல்லைக் கடிதத்தில் ஒருவரும் எழுதமாட்டார்கள். வாயால் மட்டும் சொல்வார்கள். இரண்டு மாதங்களுக்கு அரைச் சம்பளம் என்று வைத்தால் வருடத்துக்குக் கையில் வருவது 343,830. அப்போதும் பாடவேளை வழியைவிட 9,000 ரூபா கூடத்தான். பஸ் செலவில் உள்ள வித்தியாசத்தைக் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம். அந்த இரண்டு மாதமும் ஒன்றுமே இல்லை என்றால் 312,550. கைக் காசில் தோற்றுவிடும், சேமலாப நிதியில் மட்டும் வெல்லும். ஆகவே நியமனக் கடிதத்தில் “வருடத்தின் 12 மாதங்களுக்கும்” என்ற சொற்கள் வேண்டும். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கௌரவக் கொடுப்பனவு என்ற பெயர்

பகுதி நேரத்தவருக்குச் சேமலாப நிதி இல்லை என்பதை நீங்களும் நம்பிவிட்டீர்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. நிரந்தரமா, தற்காலிகமா, பயிற்சிக் காலமா என்று பார்க்காமல் வேலை தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது உரித்து. சட்டம் ‘உழைப்பு’ என்று கணக்கிடுவதில் சம்பளமும் அடங்கும், கட்டணமும் அடங்கும். பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் சமய, சமூக, தரும நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. உங்கள் பாடசாலையில் ஏறத்தாழ 40 பேர் என்கிறீர்கள்.

நேரசூசியைப் பாடசாலை போடுகிறது, வரவுப் பதிவேட்டில் நீங்கள் கையொப்பம் இடுகிறீர்கள், பாடத்திட்டக் குறிப்பை அதிபர் பார்வையிடுகிறார். இவ்வளவும் இருந்தால் நீங்கள் ஊழியர்தான். காசுக்குக் ‘கௌரவம்’ என்று பெயர் சூட்டினால் சட்டம் விலகி நின்றுவிடாது. நடனப் போட்டிக்கு ஒருநாள் நடுவராக வந்து போகிறவரின் கதை வேறு. சட்டப்படி பார்த்தால் பாடவேளை வழியிலும் 8 வீதம் கழிந்து, 12 வீதம் சேர வேண்டும். அப்போது கையில் வருவது 308,016 ரூபா. நீங்கள் உண்மையில் ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் ஐந்து வருடம் நிறைவுசெய்தால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், மாதச் சம்பளக்காரருக்கு. இப்போதைய சம்பளத்தில் ஐந்து வருடத்துக்கு 85,000 ரூபா. அவ்வளவு காலம் நிற்பீர்களா என்பது வேறு விடயம்.

அரச நியமனம் பற்றிய பயம்

இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். ஏனெனில் இந்தப் பயம் வெறும் வதந்தியில் பிறந்ததல்ல. 2020இல் வேலையற்ற பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தபோது, சேமலாப நிதிக் கணக்கு இருந்த காரணத்தால் பலரின் பெயர்கள் நீக்கப்பட்டன. அவர்கள் மேன்முறையீட்டுக்கு அலைந்தார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஒரு மாதம் கடையில் வேலை செய்ததற்குச் சேர்ந்த சில நூறு ரூபா ஒரு நியமனத்தைத் தடுத்தது என்ற கதை ஊரில் இன்னும் ஓயவில்லை. ஆகவே ‘பயப்படாதீர்கள்’ என்று ஒரு சொல்லில் முடிக்கமாட்டேன்.

ஆனால் அங்கே தடையாக இருந்தது எது என்று பாருங்கள். அந்தத் திட்டம் ‘வேலையற்றோருக்கு’ என்று வகுக்கப்பட்டது. கணக்கு இருந்தது, வேலை இருந்ததற்குச் சான்றாக எடுக்கப்பட்டது. போட்டிப் பரீட்சை மூலம் ஆசிரியர் சேவைக்கு ஆட்களைச் சேர்ப்பது வேறு வழி. அங்கே பார்க்கப்படுவது பட்டம், வயது, புள்ளிகள். தனியார் பாடசாலையில் படிப்பித்தவர் என்ற காரணத்துக்காக அங்கே கதவு மூடப்படுவதில்லை. எந்த விண்ணப்பம் வந்தாலும் வர்த்தமானி அறிவித்தலில் உள்ள தகைமைப் பந்தியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். ‘தொழிலற்ற’ என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொன்றையும் அக்காவாகச் சொல்கிறேன். கணக்குத் திறக்காமல் கௌரவக் கொடுப்பனவு வாங்கினால் ‘வேலையற்றவர்’ என்று எழுதலாம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. மாதாமாதம் வங்கியில் காசு விழும், வரவுப் பதிவேட்டில் கையொப்பம் இருக்கும், பாடசாலை இதழில் படமும் வரும். அப்படியிருக்க ஒரு வெளிப்படுத்தல் படிவத்தில் பொய்யாகக் கையொப்பமிட்டால், நியமனம் கிடைத்த பிறகும் அது கழுத்தில் தொங்கும். வேலையற்றோருக்கான திட்டம் ஒன்று வந்தே தீரும், அதற்காக மட்டும் காத்திருப்பேன் என்றால், நேர்மையான வழி இந்த வேலையை ஏற்காமல் இருப்பதுதான். சாவகச்சேரி வீட்டிலிருந்து அந்த நாளை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருப்பது என்பதை நீங்களும் கணவரும்தான் தீர்மானிக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் காத்திருக்கமாட்டேன்.

வரியைப் பற்றிக் கவலையே வேண்டாம். இங்கே கணவன், மனைவி வருமானத்தைச் சேர்த்து வரி போடுவதில்லை. ஆளுக்கு ஆள் தனித்தனி. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை, அதாவது மாதம் 150,000 வரை விலக்கு. சனிக்கிழமைகளில் வீட்டில் நடத்தும் சங்கீத வகுப்பின் வருமானத்தைக் கூட்டினாலும் நீங்கள் அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. 2026 ஜனவரி முதல் தேசியக் குறைந்தபட்ச மாத வேதனம் 30,000 ரூபா என்பதால் 34,000 அந்த வகையிலும் குறைவல்ல. அதுவும் வாரத்துக்கு நான்கு நாள் வேலைக்கு.

எப்படிக் கேட்பது

சண்டையாகத் தொடங்க வேண்டாம். கணக்காளரிடம் நேரே போய் “நீங்கள் பிழை” என்றால் அவருக்குப் பக்கத்து மேசைக்காரர் முன் மானப் பிரச்சினை ஆகிவிடும். அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இரண்டாவது வழியை விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு, இப்படி எழுதலாம்: “மாதச் சம்பளம் 34,000 ரூபா வருடத்தின் 12 மாதங்களுக்கும் வழங்கப்படும் என்பதையும், ஊழியர் சேமலாப நிதிக்கு என் பங்காக 8 வீதமும் பாடசாலையின் பங்காக 12 வீதமும் செலுத்தப்படும் என்பதையும் நியமனக் கடிதத்தில் குறிப்பிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.” இது முறைப்பாடு அல்ல, வேண்டுகோள். தெரியாமல் செய்தவர் திருத்திவிடுவார். தெரிந்து செய்தவருக்கு, உங்களுக்கும் தெரியும் என்பது புரிந்துவிடும்.

வேலை இல்லை என்று பாடசாலையில் சொல்லிவிடுவார்களா என்று கேட்டீர்கள். நியமனத்துக்கு முன் சொல்லலாம். அதைச் சட்டத்தால் தடுக்க வழியில்லை. இந்த ஆபத்தை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் சங்கீதப் பட்டதாரிகள் பலர் இருந்தாலும், ஆங்கில மொழிமூலப் பிள்ளைகளுக்கு அவர்களின் மொழியிலேயே சரளி வரிசையை விளக்கக்கூடியவர்கள் சிலர்தான். அவர்கள் உங்களைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். வேலையில் சேர்ந்த பிறகு, உரிமையைக் கேட்டதற்காக நீக்கினால் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

சேர்ந்ததும் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளச் சிட்டையை மாதாமாதம் வாங்கி ஒரு கோப்பில் போடுங்கள். ஒரு மாதத்துக்கான பங்களிப்பை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் பாடசாலை செலுத்த வேண்டும். பிந்தினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் பாடசாலையின் தலையில்தான் விழும். சிட்டையில் கழித்துவிட்டு நிதிக்குப் போடாமல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஆகவே மூன்றாம் நான்காம் மாதத்தில் உங்கள் கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால், சிட்டைகளுடன் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். அந்த முறைப்பாட்டுக்குச் சட்டத்தரணி தேவையில்லை. தேவை என்று நினைத்து வசதியில்லாமல் நின்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அந்தக் கலண்டர்த் தாளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பென்சில் எழுத்து அழியும். பிளாஸ்டிக் உறையில் வைத்து, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் எழுதித் தந்தார் என்பதை வேறொரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். நியமனக் கடிதம் வந்ததும் கையொப்பமிடுவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.